சிடி4 எண்ணுக்கு முன் ஆளைப் பாருங்கள்: எச்.ஐ.வி. உள்ளவரின் எதிர்ப்புச் சக்தியை மதிப்பிடுவது எப்படி?

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும் ஆய்வக நுட்பனர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயிற்சி மருத்துவர்களுக்கும் உதவும். சேர்ந்த முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். நோயாளி நாற்காலியில் உட்காரும் முன்பே சிடி4 ரிப்போர்ட்டைத் தேடுகிறார்கள். சிடி4 என்பது எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் ஒரு வகை நிணநீர் அணு. எண்ணைப் பார்த்தால் ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. அது பாதிதான் சரி. உடம்பிலுள்ள நிணநீர் அணுக்களில் சுமார் 2 சதவீதம்தான் ரத்தத்தில் ஓடுகிறது, மிச்சமெல்லாம் நிணநீர்க் கணுக்களிலும் குடல் சுவரிலும் மற்ற உறுப்புகளிலும் இருக்கிறது. நாம் எண்ணுவது அந்த 2 சதவீதத்தை, அதுவும் ஒரு நாளின் ஒரு நேரத்தில்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் ஆள், அப்புறம் ரத்தம், அப்புறம் எண், கடைசியில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எச்.ஐ.வி. தொற்று உறுதியான அறிக்கை முதலில் வேண்டும். சிடி4 பரிசோதனை எச்.ஐ.வி. இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கானது அல்ல. காசநோயிலும் சிடி4 இறங்கும், கடுமையான வேறு நோய்களிலும் இறங்கும். ‘சிடி4 குறைவாக இருக்கிறது, எச்.ஐ.வி.யாக இருக்குமோ’ என்று தலைகீழாக யோசித்து ஒருவரை அனுப்பிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, முறையான ஆலோசனையோடு எச்.ஐ.வி. பரிசோதனையை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்து, பழைய எண்கள். பச்சை நிறக் கையேட்டை நோயாளி கொண்டுவந்திருக்கிறாரா என்று கேளுங்கள், மையத்தில் இருக்கும் வெள்ளை அட்டையையும் எடுத்து வையுங்கள். ஒற்றை எண்ணால் ஆள் மேலே ஏறுகிறாரா கீழே இறங்குகிறாரா என்று சொல்ல முடியாது. போன தடவை எவ்வளவு, எந்த மாதம், அப்போது மருந்து சரியாகச் சாப்பிட்டாரா? இந்த மூன்றும் தெரிந்தால்தான் இன்றைய எண்ணுக்கு அர்த்தம் வரும்.

எடை பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், டார்ச், நாக்கை அழுத்தும் மரக்குச்சி. இவ்வளவு போதும். இதில் எதையும் ‘இன்னைக்கு கூட்டம் ஜாஸ்தி’ என்று விட்டுவிடாதீர்கள்.

## 2. ஆளைப் பார்த்து நிலையைக் குறியுங்கள்

உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. நோயை அறிகுறிகளை வைத்து நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. இதற்கு ஆய்வகமே தேவையில்லை, கண்ணும் காதும் போதும்.

எடையிலிருந்து தொடங்குங்கள். முன்பு இருந்த எடையில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை, அதற்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. முன்பு எவ்வளவு இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ‘பேன்ட், ஜாக்கெட் எல்லாம் லூசாகிவிட்டதா’ என்று கேட்டால் உடனே பதில் வரும்.

அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடியுங்கள். அவசரத்தில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். மேலண்ணத்திலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெண்படலம் இருந்தால் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். உரிந்து வந்து அடியில் சிவந்திருந்தால் அது கேண்டிடா பூஞ்சை. நாக்கின் ஓரத்தில் கோடுகோடாக வெள்ளையாக இருந்து, சுரண்டினாலும் வரவில்லை என்றால் ஹேரி லூக்கோபிளேக்கியா. இரண்டுமே மூன்றாம் நிலை. விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலிக்கிறது என்றும் சொன்னால் பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம், அது நான்காம் நிலை.

சட்டையைத் தளர்த்தி முதுகையும் விலாவையும் பாருங்கள். அக்கி வந்து ஆறிய தழும்பு உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக இருக்கும். நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். ‘அது அப்பவே மந்திரிச்சு சரியாயிடுச்சு’ என்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பேதி, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல் இவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

காசநோய்க்கு நான்கு கேள்விகள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை. ஒவ்வொரு வருகையிலும் நான்கையும் கேட்க வேண்டும். சிடி4 எவ்வளவு இருந்தாலும் காசநோய் வரும், 600 இருக்கிறதே என்று இந்தக் கேள்விகளை விடக் கூடாது.

மூச்சு வாங்குகிறது என்று சொல்பவரை உட்கார வைத்து ஆக்சிஜன் அளவு பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். வராந்தாவில் இரண்டு தரம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது 96, நடந்து வந்ததும் 88 என்று இறங்கினால், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பெரிதாக எதுவும் கேட்காவிட்டாலும், நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவை நினைத்து உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிடி4 வரும்வரை காத்திருக்கும் நோய் அல்ல அது.

ஏன் இதையெல்லாம் எண்ணுக்கு முன் செய்யச் சொல்கிறேன்? முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வாய் முழுக்க வெண்படலம், 38 கிலோ எடை, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த ஒருவருக்கு ரிப்போர்ட் 540 என்று வந்தது. எதிரே இருந்த ஆளுக்கும் அந்த எண்ணுக்கும் கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை. விசாரித்ததில் அதே பெயரில் அன்று இன்னொருவர் வந்திருந்தார், லேபிள் மாறியிருக்கிறது. மறுபடி எடுத்த ரத்தத்தில் 61. ரிப்போர்ட்டை முதலில் பார்த்திருந்தால் ‘540தானே’ என்று அவரைச் சாதாரண வரிசையில் உட்கார வைத்திருப்போம்.

மூன்றாம் அல்லது நான்காம் நிலை என்றால், எண் எதுவாக இருந்தாலும் அவர் முற்றிய நோய் உள்ளவர் என்றே கணக்கு. சிடி4 200க்குக் கீழே இருந்தாலும் அப்படியே.

## 3. எந்த நாளில், எந்த நேரத்தில் ரத்தம் எடுப்பது?

சிடி4 ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். பகலில் குறைவாகவும் இரவு நோக்கி அதிகமாகவும் இருக்கும். போன தடவை காலை 9 மணி, இந்தத் தடவை மாலை 4 மணி என்று எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் நாமே குழம்புவோம். முடிந்தவரை ஒரே நேரம் வையுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. இது தெரியாமல் முதல் பஸ் பிடித்துப் பட்டினியாக வந்து மயங்கி விழுபவர்கள் இருக்கிறார்கள், தேதி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வழக்கமான பரிசோதனைக்கு வந்தவருக்குக் காய்ச்சலோ சளியோ இருந்தால், அல்லது ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், எண் தற்காலிகமாக இறங்கும். அவசரம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கலாம். ஆனால் புதிதாக வந்தவருக்கும், மருந்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவருக்கும் தள்ளிப்போடாதீர்கள். அவர்களுக்கு இன்றே தெரிய வேண்டும். ‘கொஞ்சம் உயர்த்திச் சொல்லிவிட்டோம், பரவாயில்லை’ என்பதைவிட ‘கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டோம்’ என்பது இங்கே பாதுகாப்பான தவறு.

## 4. ரத்தம் எடுத்தல், அனுப்புதல்

ஊதா மூடிக் குழாய், அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்து உள்ளது. குறித்த கோடு வரை நிரப்புங்கள். குறைவாக எடுத்தால் மருந்தின் விகிதம் மாறும், அதிகமாக நிரப்பினால் உறையும்.

எடுத்தவுடன் 8 முதல் 10 முறை குழாயை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள், அணுக்கள் உடையும். ஒரு சின்ன உறைகட்டி இருந்தாலும் ஆய்வகம் திருப்பி அனுப்பும். அனுப்பத்தான் வேண்டும், கட்டிக்குள் மாட்டிய அணுக்கள் எண்ணிக்கையில் வராது.

அதே ஊசியில் சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைக்கும் ரத்தம் எடுக்கிறீர்களா? அந்தக் குழாய்களை முதலில் நிரப்பி, ஈடிடிஏ குழாயைப் பின்னால் வையுங்கள். ஈடிடிஏ கொஞ்சம் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும்.

லேபிளை நோயாளி எழுந்து போகும் முன், அவர் எதிரிலேயே ஒட்டுங்கள். ஏ.ஆர்.டி. எண், தேதி, எடுத்த நேரம். பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். காலையிலேயே எல்லாக் குழாய்களுக்கும் லேபிள் ஒட்டி வரிசையாக அடுக்கி வைப்பது வேகமாகத் தோன்றும். குழாய்கள் மாறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இப்போது அதிகம் குழப்பும் விஷயம். சிடி4 ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. சிடி4ஐ எண்ணும் கருவியான ஃப்ளோ சைட்டோமீட்டர் உயிருள்ள அணுவின் மேற்பரப்பைப் பார்த்து எண்ணுகிறது. குளிரில் அந்த மேற்பரப்பும் அணுவும் கெடும். அறை வெப்பத்தில் வைத்து, அன்றே அனுப்புங்கள். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும், பல கருவிகளுக்கு 48 மணி நேரம் வரை. அதை எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். வைரல் லோடுக்கு நேர் எதிர். குழாய் அதே ஊதா மூடிதான், ஆனால் ஆய்வகம் சொன்ன நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வைரஸின் ஆர்.என்.ஏ. சிதைந்து எண் பொய்யாகக் குறையும்.

இரண்டும் ஒரே மூடி, ஒரே ஸ்டாண்டு. புதிதாக வந்த ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தனையையும் நல்லெண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை ஒவ்வொருவராகப் போன் செய்து மறுபடி வரச் சொன்னோம். கூலி வேலையை விட்டுவிட்டு வருபவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு சிடி4 குழாய்களுக்குத் தனி ஸ்டாண்டு வைத்து ‘ஃபிரிட்ஜ் வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினோம். மே மாத வெயிலில் பைக்கில் கொண்டுபோவதென்றால் ஐஸ் இல்லாத தெர்மோகோல் பெட்டி போதும். சூட்டிலும் அணுக்கள் கெடும்.

## 5. ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட்டில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை சிடி4 அணுக்கள் என்பது. நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 500 முதல் 1500. இன்னொன்று சிடி4 சதவீதம், அதாவது நிணநீர் அணுக்களில் சிடி4 எத்தனை பங்கு என்பது. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளை அணுக்கள் 6000, அதில் நிணநீர் அணுக்கள் 30 சதவீதம் என்றால் 1800. அதில் சிடி4 20 சதவீதம் என்றால் 360. அடுத்த மாதம் ஏதோ காரணத்தால் வெள்ளை அணுக்கள் 4000 ஆகின்றன, மற்ற இரண்டு சதவீதங்களும் மாறவில்லை. இப்போது சிடி4 240. எச்.ஐ.வி. ஓர் அங்குலம்கூட நகரவில்லை, எண் மட்டும் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. சதவீதம் 20லேயே நிற்பதைப் பார்த்தால் பதற்றம் குறையும்.

கர்ப்பிணிகளுக்கும் இப்படித்தான். ரத்தத்தில் நீர் கூடுவதால் எண்ணிக்கை இறங்கும், சதவீதம் பெரிதாக மாறாது. மண்ணீரல் எடுக்கப்பட்டவருக்கு எதிர்மாறாக எண்ணிக்கை பொய்யாக உயரும், அங்கேயும் சதவீதம்தான் உண்மையைச் சொல்லும். பெரியவர்களுக்கு 14 சதவீதம் என்பது ஏறக்குறைய 200 எண்ணிக்கைக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 320, சதவீதம் 11 என்றால் 320ஐப் பார்த்து நிம்மதியடையாதீர்கள்.

எவ்வளவு மாறினால் உண்மையான மாற்றம்? எண்ணிக்கையில் சுமார் 30 சதவீதம், அல்லது சிடி4 சதவீதத்தில் 3 புள்ளிகள். அதற்குக் கீழே இருந்தால் அது நாளுக்கு நாள் நடக்கும் ஆட்டமாக இருக்கலாம்.

ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டியபடி கேட்டார்: “சிஸ்டர், போன தடவை 412, இப்ப 338. மாத்திரை வேலை செய்யலையா?” மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை என்றார். சதவீதம் அப்போதும் 22, இப்போதும் 22. முந்தின வாரம் நான்கு நாள் காய்ச்சல். இறக்கமும் 18 சதவீதம்தான். “அண்ணா, காய்ச்சல்ல இறங்கியிருக்கு. வைரல் லோடு பார்ப்போம், அதுதான் மாத்திரையைப் பத்திச் சொல்லும்” என்றேன். வைரல் லோடு கண்டறியும் அளவுக்குக் கீழே இருந்தது.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவுகோலை வைக்கவே கூடாது. பிறக்கும்போது எண்ணிக்கை மிக அதிகம், வளர வளர இறங்கும். பெரியவருக்கு 700 என்பது நல்ல எண். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு 750க்குக் கீழே என்றாலே கடுமையான குறைவு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குச் சதவீதத்தைத்தான் முதலில் பாருங்கள். அந்த வயதில் நோய் வேகமாக முற்றும் என்பதால், ஓராண்டுக்கு மேல் மருந்து எடுத்து நலமாக இருக்கும் குழந்தைகளைத் தவிர, எல்லோரையும் முற்றிய நோய் உள்ளவர்களாகவே உலக சுகாதார நிறுவனம் கருதச் சொல்கிறது.

பழைய ஆட்கள் சிலர் சிடி4 கிடைக்காதபோது மொத்த நிணநீர் அணுக்களை வைத்து ஊகிப்பார்கள், 1200க்குக் கீழே என்றால் மோசம் என்று. இப்போது அதை நம்பத் தேவையில்லை.

## 6. எண் வந்த அன்றே செய்ய வேண்டியவை

முதலில் ஒன்று. கூட்டு மருந்து தொடங்க சிடி4 ஒரு நிபந்தனை அல்ல. எந்த எண்ணாக இருந்தாலும் மருந்து உண்டு என்ற முறை இந்தியாவில் 2017 முதல் இருக்கிறது. ‘சிடி4 நல்லாத்தான் இருக்கு, இப்ப மருந்து வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். இன்றைக்கு சிடி4 நமக்குச் சொல்வது, எந்தத் தொற்று வாசலில் நிற்கிறது என்பதைத்தான்.

350க்குக் கீழே, அல்லது மூன்றாம், நான்காம் நிலை என்றால் தொற்று வராமல் தடுக்கக் கோட்ரிமாக்சசோல் மாத்திரை. கொடுக்கும் முன் சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா என்று கேளுங்கள். ‘சல்ஃபா’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ‘எந்த மாத்திரையாவது சாப்பிட்டு உடம்பு முழுக்கத் தடித்து, வாய் புண்ணாகியிருக்கிறதா’ என்று கேளுங்கள்.

200க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வரும் ஆபத்து. உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளையும் இந்த எண்ணில் போடக் கூடாது.

100க்குக் கீழே இருந்தால் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் ஆன்டிஜென் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 200க்குக் கீழேயே பார்ப்பது இன்னும் நல்லது. தலைவலி இல்லை என்று இதை விடக் கூடாது, அறிகுறி தோன்றும் முன்பே ஆன்டிஜென் ரத்தத்தில் வந்துவிடும். பாசிட்டிவ் என்றால் முதுகுத் தண்டு நீர் எடுத்து மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கூட்டு மருந்து. காரணம் இதுதான்: மருந்து வேலை செய்து எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது, ஒளிந்திருக்கும் பூஞ்சையின் மேல் அது மூர்க்கமாகப் பாயும். மண்டைக்குள் அழுத்தம் ஏறி ஆளே போய்விடலாம். அதனால் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் உறுதியானால் 4 முதல் 6 வாரம் பூஞ்சைக்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் கூட்டு மருந்தைத் தொடங்குவார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மூளையைத் தாக்குவதும் இதே எல்லையில்தான். சிறுநீரில் காசநோய்க்கான எல்.ஏ.எம். பரிசோதனை கிடைத்தால் அதையும் செய்யுங்கள், சளி வராதவர்களுக்கு அது பெரிய உதவி.

50க்குக் கீழே, கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். பார்வையில் பூச்சி பறப்பது போலத் தெரிகிறதா, ஓரம் மறைக்கிறதா என்று நாமும் கேட்க வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தின்றுவிட்டால் போன பார்வை திரும்பாது.

காசநோய் அறிகுறி நான்கும் இல்லாதவருக்கு, எண் எதுவானாலும், காசநோய்த் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

## 7. வைரல் லோடோடு சேர்த்துப் பார்ப்பது

சிடி4 சொல்வது எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் என்பதை. மாத்திரை வேலை செய்கிறதா என்பதை வைரல் லோடு சொல்லும். மருந்து தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறை.

மருந்தைச் சரியாக எடுப்பவருக்கு முதல் ஆண்டில் சிடி4 பொதுவாக 50 முதல் 150 வரை ஏறும். பிறகு வேகம் குறையும். மிகக் கீழிருந்து தொடங்கியவர் 500ஐத் தொடப் பல ஆண்டுகள் ஆகலாம், சிலர் தொடாமலே இருப்பார்கள்.

இரண்டு எண்களும் முரண்படும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வைரல் லோடு அடங்கியிருக்கிறது, சிடி4 மட்டும் 150ஐத் தாண்டவில்லை என்றால் மாத்திரையை மாற்றிப் பயனில்லை. மறைந்திருக்கும் காசநோய், சிடி4ஐக் குறைக்கும் வேறு மருந்துகள் இவற்றைத் தேடுங்கள். கோட்ரிமாக்சசோலை நிறுத்தாதீர்கள். எதிர்மாறாக சிடி4 550, வைரல் லோடு 40,000 என்றால், 550ஐப் பார்த்து விட்டுவிடக் கூடாது. வைரஸ் முதலில் ஏறும், சிடி4 மாதங்கள் கழித்துத்தான் விழும்.

வைரல் லோடு 1000க்கு மேல் வந்தால் உடனே மருந்து தோல்வி என்று எழுதாதீர்கள். மாத்திரை எண்ணிக்கையைப் பாருங்கள், ஆலோசகரிடம் உட்கார வையுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். கேட்கும் விதத்தில்தான் உண்மை வரும். ‘ஒழுங்கா சாப்பிடுறீங்களா’ என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘ஊருக்குப் போனப்ப, விசேஷ வீட்டுல, எப்படிச் சமாளிச்சீங்க’ என்று கேட்டுப் பாருங்கள்.

## 8. மறுபடி எப்போது?

ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிடி4. தொடர்ந்து இரண்டு முறை 350க்கு மேல் வந்து, வைரல் லோடும் அடங்கியிருந்தால், வழக்கமாக எடுப்பதை நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் எடுத்தால் சும்மா ஏறி இறங்கும் எண்ணைப் பார்த்து நோயாளி தூக்கம் கெடுவதுதான் மிச்சம். மருந்தை இடையில் விட்டவர், வைரல் லோடு ஏறியவர், புதிய அறிகுறி வந்தவர் இவர்களுக்கு மறுபடி தொடங்க வேண்டும்.

## 9. எண்ணை நோயாளியிடம் சொல்வது

சிலர் சிடி4ஐப் பரீட்சை மார்க் போல வைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரருக்கு 800, எனக்கு ஏன் 300 என்று கேட்பார்கள். அவரவர் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதைக் காட்டுங்கள். கையேட்டில் பழைய எண்களை வரிசையாக வைத்து, 61, 140, 215, 300 என்று விரலை நகர்த்திக் காட்டினால் பேச்சே தேவையில்லை.

வரிசையில் நிற்பவர்கள் கேட்க எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள். எடுப்பது மகனாக இருக்கலாம், வீட்டுக்காரராக இருக்கலாம், வீட்டில் இன்னும் தெரியாமல் இருக்கலாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. ‘ரிப்போர்ட் வந்திருக்கு, புதன்கிழமை வாங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று மறுமுனையில் கேட்டால் என்ன சொல்வது என்பதை, நம்பர் வாங்கும்போதே நோயாளியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.